மலைக்குளத்தில் ஆத்தாள் என் தங்கையைத் திருப்பிக் கொடுத்தாள்

ஏழு பேர் போனோம். மலைக்குளத்துத் தண்ணீரோடு திரும்பி வரும்போது ஆறு பேர்தான் நடந்துகொண்டிருந்தோம். காணாமல் போனவள் என் தங்கை செல்லாயி. காது கேளாதவள். எதிரே நிற்கும் ஆள்கூடத் தெரியாத பனிமூட்டம். கூப்பிட்டால் கேட்காதவளை எப்படிக் கூப்பிடுவது? அன்று காலை நான் பட்ட பாட்டையும், மாரியாத்தாள் எனக்குச் செய்ததையும், ஆத்தாளை நம்பும் உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நான் சொல்லச் சொல்ல என் மருமகன் எழுதுகிறான். எழுத்து அவனுடையது, கோபமெல்லாம் என்னுடையது.

என் பெயர் பொன்னம்மா. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறவள். இது நடந்தது பதுளைக்கு ரயில் வராத காலத்தில், ஒரு மாசி மாதம். செல்லாயிக்கு மூன்று வயதில் அம்மை போட்டது. உயிர் தப்பியது, காது போய்விட்டது. குரல் உண்டு, பேச்சு வரவில்லை. தாய் தகப்பனை ஊரிலேயே மண்ணுக்குக் கொடுத்துவிட்டுக் கடல் தாண்டி வந்தோம். இந்தச் சீமையில் எனக்குக் கூடப்பிறந்தவள் என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

எங்கள் தோட்டத்து அம்மன் திருவிழாவுக்குக் கரகத் தண்ணீர் மலைமேல் இருக்கும் குளத்திலிருந்துதான் வரவேண்டும். பெண்கள்தான் எடுக்கவேண்டும். ஒரு பகல் ஏறி, இராத்திரி கரையில் தங்கி, விடிந்ததும் மொண்டுகொண்டு இறங்கவேண்டும். மொண்ட பிறகு மூன்று கட்டு: திரும்பிப் பார்க்கக்கூடாது, வாய் திறக்கக்கூடாது, அம்மன் சந்நிதி வரும்வரை குடத்தைத் தரையில் வைக்கக்கூடாது.

எங்களுக்கெல்லாம் மூத்தவள் ராக்காயி அக்கா. பல வருஷம் தண்ணீர் எடுத்தவள். செல்லாயியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"இந்தப் புள்ளைய எதுக்குடி இழுத்துக்கிட்டு வர்ற? வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"என் தங்கச்சிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க நடங்க அக்கா" என்றேன். வாய்த்துடுக்கு எனக்குப் பிறவியிலேயே உண்டு.

அந்தப் பயணத்தின் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! கொழுந்துக் கூடைக்குள் குடம், கம்பளி, கட்டுச்சோறு. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினோம். கூடை அதேதான், ஆனால் பின்னால் நின்று கத்தக் கங்காணி இல்லை! தேயிலை முடிந்தது, காடு முடிந்தது, இடுப்பளவு புல்வெளி வந்தது. அட்டை கடித்ததுகூட எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் குளம் தெரிந்தது. அவ்வளவு உயரத்தில் அவ்வளவு தண்ணீர்! செல்லாயி கூடையை இறக்காமலே கரைவரை ஓடிப் போய், இரண்டு கையாலும் அள்ளி என் முகத்தில் அடித்தாள். அன்றைக்கு ஆத்தாள் என்னிடம் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். நெருப்பு மூட்டி, ஒருத்தியை ஒருத்தி ஒட்டிக்கொண்டு, கம்பளிக்குள் சுருண்டோம்.

விடிந்து பார்த்தால் குளத்தைக் காணோம். மூட்டம் அப்படி இறங்கியிருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று குடத்தை நிறைத்தோம். நான் செல்லாயிக்கு மூன்று கட்டையும் ஜாடையில் சொன்னேன். பின்னால் திரும்புவதுபோல் காட்டி, வேண்டாமென்று தலையாட்டினேன். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். குடத்தைக் காட்டி, தரையைக் காட்டி, கையை விரித்தேன். அவள் பெருமையாகத் தலையாட்டினாள். முன்னே போகிறவளைப் பார்த்து நடக்கட்டும் என்று அவளைக் கடைசியில் விட்டேன். அந்த மூட்டத்தில் அவள் எதைப் பார்ப்பாள் என்று யோசிக்கவில்லை. அது என் பிசகு. வேறு யார் மேலும் பழி போடமாட்டேன்.

குளத்திலிருந்து வெகு தூரம் இறங்கியபின் ஒரு ஓடை. வழுக்குப் பாறை, அதனால் கைகோத்துத் தாண்டுவோம். குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே, செல்லாயிக்காகக் கையைப் பின்னால் நீட்டினேன். யாரும் பிடிக்கவில்லை. இன்னும் எட்டி நீட்டினேன். வெறும் பனிதான் கையில் பட்டது.

பின்னால் திரும்பினேன். குடத்தைக் கீழே வைத்தேன். "செல்லாயி!" என்று கத்தினேன். மூன்று கட்டும் ஒரே மூச்சில் போயின.

"அடிப்பாவி! சாமி குத்தம்டி!" என்றாள் ராக்காயி அக்கா. அவளும் அப்போது வாய் திறந்துவிட்டாள், பாவம்.

"குத்தம் என் தலையோட போகட்டும். என் தங்கச்சியக் காணோம்!"

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நான் ஆத்தாளைக் கும்பிடவில்லை, திட்டினேன். "காத எடுத்துக்கிட்டவளே நீதானே! இப்ப ஆளையும் எடுத்துக்குவியா? உனக்குத் தண்ணி எடுக்க வந்த புள்ளதானே? இந்த மூட்டத்தத் தூக்கு! தூக்கு ஆத்தா!" என்று மார்பில் அடித்துக்கொண்டேன்.

மூட்டம் தூக்கவில்லை. இன்னும் அடர்ந்தது. அதுவரை என் கால் தெரிந்தது, அதுவும் மறைந்தது. என்னைக் கேட்க ஒரு நாதியில்லை என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு கையை முன்னால் நீட்டித் துழாவினேன். புல் தட்டுப்பட்டது. இன்னும் துழாவினேன். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இது என் கைக்குத் தெரிந்த வேலையாயிற்றே! மழையிலும் மூட்டத்திலும் கொழுந்து எடுக்கிறோமே, கண்ணை நம்பியா எடுக்கிறோம்? ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை, பக்கத்துக்குப் பக்கம், மலை முழுவதையும் ஒரு செடி விடாமல் தடவிக்கொண்டு போகிறோம். உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார்? என் புத்தி அல்ல. அது அந்த நேரம் என்னிடம் இல்லை.

எழுந்து நின்றேன். "நிரை பிடிங்கடி!" என்று கத்தினேன்.

வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஐந்து பேரும் குடத்தைக் கீழே வைத்தார்கள். ராக்காயி அக்கா கடைசியாக வைத்தாள், ஆனால் வைத்தாள். கூடைக் கயிறுகளை அவிழ்த்து ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டு, சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் பரவி, குளத்தைப் பார்த்து ஏறினோம். ஒரு கையில் கயிறு, ஒரு கையால் புல்லைத் துழாவல். "முதல் நிரை இருக்கேன்!" "ரெண்டாம் நிரை இருக்கேன்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே போனோம். ஒவ்வோர் அடிக்கும் ஒரு "ஆத்தா" போட்டேன்.

குளக்கரையை நெருங்கும்போது கடைசி நிரையிலிருந்து ராக்காயி அக்கா அலறினாள்.

"ஐயோ, கால் உள்ள போவுதுடி! சேறு! இரு... இரு... மேல வீசின கையில பித்தள தட்டுது! பொன்னம்மா! குடம்டி! குடத்தோட இருக்காடி!"

கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். செல்லாயி தொடைவரை சேற்றில் புதைந்து நின்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு கையாலும் குடத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். எங்களைக் கண்டும் இறக்கவில்லை. குரல் இருக்கிற பிள்ளை. கத்தியிருக்கலாம். வாய் திறக்கக்கூடாது என்று நான் காட்டியதால் கத்தவில்லை.

குடத்தை வாங்கப் போனேன், கொடுக்கமாட்டேன் என்றாள். தரையைக் காட்டித் தலையை ஆட்டினாள். தரையில் வைக்கமாட்டேன் என்று நான் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் விட்டாள். ஒருத்தி குடத்தை இடுப்பில் வாங்கிக்கொள்ள, மற்றவர்கள் கயிற்றை அவள் அக்குளுக்கடியில் கட்டி இழுத்தோம். சேறு அவளை விட்டபோது எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தோம். குடம் வைத்திருந்தவள் மட்டும் விழவில்லை!

ராக்காயி அக்கா எழுந்து வந்து குடத்தை எட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. செல்லாயியின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இந்தத் தண்ணி மண்ணத் தொடல. இவ வாயும் திறக்கல. நம்ம ஆறு பேரும் கெடுத்தத இவ காப்பாத்திட்டாடி. ஆத்தா கேட்டது ஒரு குடம்தான் போலிருக்கு."

இறங்கி வந்த வழியெல்லாம் சிரிப்பும் அழுகையும்தான். அந்தக் குடம் இடுப்பு மாறி இடுப்பு வந்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் செல்லாயியின் கையில் கொடுத்தோம். இடுப்புவரை சேறோடு அவள்தான் சந்நிதிக்குள் போனாள். யாரும் தடுக்கவில்லை. அந்த அரைக்குடத்தில்தான் அந்த வருஷத்துக் கரகம் நின்றது.

ஜனங்களே, மூட்டத்தைத் தூக்கச் சொன்னேன், ஆத்தாள் தூக்கவில்லை. மூட்டத்துக்குள்ளேயே தேட வழி காட்டினாள். அதற்குப் பிறகு நான் அவளிடம் எதையும் பயந்து பயந்து கேட்டதில்லை. உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் நீங்களும் போய்க் கேளுங்கள். அழத் தோன்றினால் அழுங்கள், சண்டை போடத் தோன்றினால் போடுங்கள். அவள் கோபிக்கமாட்டாள், நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

இப்போது பதுளைக்கு ரயில் வந்துவிட்டது. ஆனால் குளத்துக்கு நடந்துதான் போகவேண்டும், நாங்கள் இன்றும் மாசி தவறாமல் போகிறோம். மூன்று கட்டில் இரண்டை அப்படியே வைத்திருக்கிறோம். ஒன்றை மட்டும் ராக்காயி அக்காவே எடுத்துவிட்டாள். நீங்களும் குடத்தோடு வாருங்கள். மொண்டுகொண்டு இறங்கும்போது நாங்கள் பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறோம், பின்னால் வருகிறவள் இருக்கிறாளா என்று. ஆத்தாள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.