வெண்ணெய் பிஸ்கட் மேல் ஒரு வழக்கு

சந்தேகப்படுவதில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. பால் பாக்கெட்டில் தேதி பார்த்த பிறகும் மோந்து பார்ப்பேன். பழக்கடைக்காரர் தானாகவே "சூப்பரா இருக்கும் மேடம்" என்று சொல்லிவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவேன். "மோட்சத்துக்குப் போனாலும் வாசல்ல நிக்கிறவர்கிட்ட ஐடி கார்டு கேப்ப நீ" என்பார் என் கணவர். கேட்டால் என்ன தப்பு என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்த சந்தேகம் சிரிக்கிற ரகம் இல்லை. என் மகளுக்கு ஐந்து வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற வகை இல்லை, டைப் ஒன். ஓயாமல் தண்ணீர் குடித்தாள். எப்போதோ விட்டிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பி வந்தது. கன்னம் ஒட்டிப்போனது. வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு நாள் வாந்தியும் மூச்சிரைப்புமாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், தட்டில் எவ்வளவு சோறு என்று கணக்குப் போட வேண்டும், அதற்கேற்ற இன்சுலினை ஊசிப் பேனாவால் வயிற்றில் போட வேண்டும். பல் தேய்க்கப் பழகிய மாதிரி அவள் இதற்கும் பழகிவிட்டாள். எனக்குத்தான் பழகவில்லை.

கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "சின்னப் புள்ளைக்கா? அப்படி என்னத்தக் குடுத்தீங்க?" மாதா கோயில் வாசலில் கேட்டார்கள். ஒயிட்ஃபீல்ட் ஆபீஸ் கேன்டீனில் கேட்டார்கள். மகளோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோக்காரர்கூடக் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "ஏனு கொட்ரி மேடம், சாக்லேட்டா?" என்று கன்னடத்தில் அதையே கேட்டார். என்ன கொடுத்தேன்? யோசித்து யோசித்து மூளை காய்ந்துபோனது. என்னிடம் பதில் இல்லை. அதனால் பதில் சொல்ல வேண்டிய வேறு ஆளைத் தேட ஆரம்பித்தேன்.

அந்த ஆள் கீழ்வீட்டிலேயே இருந்தார். ஜோகுபாளையத்தில் எங்களுடையது ஒரு சின்ன மாடி வீடு. மேலே நாங்கள், கீழே என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர், கான்வென்டில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பேறுகால விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது மகளைக் கையில் வாங்கிக்கொண்டவர் இந்த அண்ணிதான். அவள் வாயில் போன முதல் கவளங்களில் பாதிக்கு மேல் அவர் ஊட்டியவை.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் எல்லோரும் நேரே பக்கத்து ஐயங்கார் பேக்கரிக்குப் போவார்கள். பல் முளைக்கத் தொடங்கிய குழந்தைக்கு அங்கேதான் முதல் வெளிச்சாப்பாடு: வெண்ணெய் பிஸ்கட்டைச் சூடான பாலில் ஊறவைத்துக் கூழாக்கி நாக்கில் தடவுவார்கள். "நம்ம வீட்டுப் புள்ளைங்க எல்லாம் இந்தப் பிஸ்கட்டுலதான் வளந்துச்சு, இவன் உள்பட" என்று அண்ணி தம்பியைக் காட்டுவார். என் மகளும் அப்படித்தான் வளர்ந்தாள். அப்போது நானும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தேன்.

மகளுக்கு எட்டு வயது ஆகும்போது மகன் பிறந்தான். அவன் வயிற்றில் இருந்தபோதே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அக்காவுக்கு வந்தது தம்பிக்கும் வந்தால்? மெட்ரோவில் போகும்போது போனில் தேடித் தேடிப் படித்தேன். குழந்தையின் முதல் வருடங்களில் உடம்பில் சேரும் கொழுப்புக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஆராய்கிறார்களாம். தாய்ப்பாலில் உள்ள கொழுப்பு, மீனில் உள்ளது, மாட்டுப்பாலில் உள்ளது என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்களாம். ஒவ்வொரு கட்டுரையிலும் நடுவில் ஓர் "இருக்கலாம்" வரும், கடைசியில் ஒரு "உறுதியாகத் தெரியவில்லை" வரும். நான் "இருக்கலாம்" வரைக்கும் படிப்பேன். அதற்குள் என் ஸ்டேஷன் வந்துவிடும்.

மாட்டுப்பால் கொழுப்பு என்றதும் என் கண்முன் வந்தது அந்தப் பிஸ்கட்தான். பாலில் ஊறிய வெண்ணெய். அதை ஊட்டிய கை.

விடுப்பு முடிந்தது. மகனை யாரிடம் விடுவது? ஆபீஸ் பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்தைப் போய்ப் பார்த்தேன். அங்கே சமையலறைக் கதவைத் திறந்து காட்ட மாட்டோம் என்றார்கள். தெரியாத பிசாசுக்குத் தெரிந்த பேயே மேல் என்று அண்ணியிடமே விட்டேன். கூடவே சட்டமும் போட்டேன். நெய் கூடாது, வெண்ணெய் கூடாது, பிஸ்கட் பக்கமே போகக் கூடாது. கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், வேகவைத்த காய், அவ்வளவுதான்.

"எண்ணெ?" என்று கேட்டார் அண்ணி.

"வேணாம் அண்ணி."

"தாளிக்கக்கூடவா?"

"எதுக்கும் வேணாம்."

"சரிம்மா. உன் புள்ள" என்றார். அந்தச் "சரிம்மா"வையும் நான் நம்பவில்லை. கீழ்வீட்டு நெய் பாட்டிலில் நெய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் வந்தபோது என் கோட்டுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த நேர்க்கோடு ஒன்று இருந்தது. "கோடு கோணலா இருந்துச்சு, திருத்திட்டேன்" என்றார் அண்ணி. எனக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அன்றைக்கும் மகனைத் தூக்கியதும் முதலில் அவன் வாயைத்தான் மோந்து பார்த்தேன்.

மகளின் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது மகனையும் எடுத்துக்கொண்டு போனோம். அந்த டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். மகளை அவள் அப்பாவோடு நர்ஸ் வெளியே எடை பார்க்கக் கூட்டிப்போன நேரத்தில் நான் கைக்குழந்தையை மேசைமேல் உட்காரவைத்து, என் சந்தேகத்தை எல்லாம் கொட்டினேன். அவர் அவன் தொடையைப் பிடித்துப் பார்த்தார். எடை போட்டார். முகம் மாறியது.

"இவனுக்கு என்ன குடுக்குறீங்க?"

சொன்னேன்.

"நெய் இல்ல, எண்ணெ இல்லயா? யாகம்மா, ஏன்? கொழந்தைக்கு மூளை வளர கொழுப்பு வேணும். நீங்க டயட்ல இருக்கிற மாதிரி இவன வெச்சிருக்கீங்க."

"இல்ல டாக்டர், கொழுப்பாலதான் பெரியவளுக்கு..."

"யார் சொன்னது? ஆராய்ச்சி நடக்குது, நெசம்தான். தாய்ப்பாலும் மீன் கொழுப்பும் கொஞ்சம் காப்பாத்துமோன்னு பாக்கறாங்க. அதுல இன்னும் தீர்ப்பு வரல. ஒரு ஸ்பூன் நெய், ஒரு பிஸ்கட், இதால உங்க பொண்ணுக்கு வந்துச்சுன்னு இந்த உலகத்துல ஒரு டாக்டரும் சொல்ல முடியாது. கிருமியோட சண்டை போடற சக்தி இருக்கில்ல, அது ஆள் தெரியாம இன்சுலின் சுரக்கிற எடத்தையே அடிச்சிடுச்சு. காவலுக்கு வெச்ச ஆளே வீட்டுக்காரன அடிச்ச கதை. ஏன் அடிச்சான்னு முழுசா யாருக்கும் தெரியாது."

"தம்பிக்கு வருமா?"

"மத்த கொழந்தைங்கள விட வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா அக்கா தம்பிகள்ல நூத்துல தொண்ணூறு பேருக்கு மேல வர்றதே இல்ல. வேணும்னா பெறகு ரத்தத்துல ஒரு டெஸ்ட் பண்ணலாம். இப்ப அவனுக்குச் சோறு போடுங்க."

வெளியே வந்து கணவரிடம் இதைச் சொன்னேன். "காவலுக்கு வெச்ச ஆள் நம்ம வீட்லயும் ஒருத்தி இருக்காளே" என்றார். எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். பிள்ளையின் மெலிந்த தொடை கண்ணிலேயே நின்றது.

அன்றிலிருந்து அவன் கஞ்சியில் நெய் விட்டேன். ஆனால் என் கையால்தான். காலையிலேயே கலந்து டப்பாவில் வைத்துவிட்டுப் போவேன். பிஸ்கட்டுக்குத் தடை அப்படியே இருந்தது. நெய்க்கு விடுதலை கிடைத்தது, அண்ணிக்குக் கிடைக்கவில்லை. டாக்டர் சொன்னதெல்லாம் காதில் ஏறியது, மனதில் இறங்கவில்லை. தீர்ப்பு வரவில்லை என்றால் வழக்கு இன்னும் நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

அதற்கடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, வாசலில் ஒரு தோழியோடு பேசிவிட்டு நான் பேக்கரிக்குப் பிந்திப் போனேன். கூட்டமான கூட்டம். அண்ணி இடுப்பில் மகன். அவன் மோவாயில் வெளுப்பாகக் கூழ் வழிந்திருந்தது. மகள் அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மோந்துகூடப் பார்க்கவில்லை நான், தெரிந்துவிட்டது.

"என்ன அண்ணி இது?"

"பல்லு வந்திருச்சும்மா. வழக்கம். கொஞ்சமே கொஞ்சம், விரல்ல தொட்டு..."

"பெரியவளுக்குக் குடுத்தது பத்தாதா? ஒரு புள்ளையக் கெடுத்தது போதும் அண்ணி. இவனையாவது விடுங்க."

பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அண்ணி கர்ச்சீப்பை எடுத்து மகன் வாயை மெதுவாகத் துடைத்தார், மோவாயையும் கழுத்தையும் துடைத்தார், பிறகு அவனை என் கையில் கொடுத்தார்.

"மூணு வருசமா இதையா மனசுல வெச்சிருந்த?" என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. எங்களுக்கு முன்னாலேயே தனியாக நடந்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் மாடியில் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அன்று அண்ணி வரவில்லை. கணவர் கீழே போய்க் கூப்பிட்டுவிட்டுத் தனியாகவே திரும்பி வந்தார், மகனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கும் வீம்பு. சொன்னதில் என்ன தப்பு என்று சோற்றைப் பரிமாறினேன். மகளுக்குச் சர்க்கரை பார்த்து, பேனாவில் அளவைத் திருகிவைத்து, "சட்டையத் தூக்கு" என்றேன்.

அவள் தூக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை மேல தப்பில்லம்மா" என்றாள்.

"நீ சும்மா இரு. உனக்குத் தெரியாது."

"தெரியும். பேக்கரில அத்தை ஒரு பிஸ்கட்டுதான் குடுப்பாங்க. போதும்னு சொல்வாங்க. நான்தான் இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு அழுவேன். அதனாலதான் எனக்கு வந்துச்சு. நானேதான் வர வெச்சுக்கிட்டேன்."

"எப்பலேருந்துடி இப்படி நெனச்சிட்டிருக்க?"

"ஆஸ்பத்திரில இருந்தப்பலேருந்து. எல்லாரும் வந்து என்ன குடுத்தீங்க, என்ன குடுத்தீங்கன்னு உன்னையே கேட்டாங்கல்ல. நான் அப்ப தூங்கல."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன். "இல்ல செல்லம். நீ தின்னு வரல. யாரும் குடுத்தும் வரல. எதனால வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியாது. அவங்களே என்கிட்ட சொன்னாங்க."

"நெஜமா?"

"மாதா மேல சத்தியமா."

அவள் என் பிடியிலிருந்து விலகி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை அது.

"டாக்டர் எப்ப சொன்னாங்க?"

"போன மாசம்."

"அப்ப இன்னிக்கு எதுக்கு அத்தையத் திட்டுன?"

அவள் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, சட்டையைத் தூக்கி, நான் போடுவதைப் பார்த்துப் பழகிய மாதிரியே தானே வயிற்றில் போட்டுக்கொண்டாள். அதுவரை அவள் தானாக ஊசி போட்டுக்கொண்டது கிடையாது.

"ஊசி போட்டாச்சு. நான் சீக்கிரம் சாப்பிடணும்" என்றாள். "அத்தை வந்தாத்தான் சாப்பிடுவேன். போய்க் கூட்டிட்டு வாம்மா."

இன்சுலின் உள்ளே போனபின் சாப்பாடு காத்திருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் கண்ணைக்கூடத் துடைக்காமல் படியிறங்கினேன்.