பெத்னல் கிரீனில் வாங்கிய பன்றித்தலை

லண்டனில் பழைய வெள்ளைக்காரச் சாப்பாடு தேடிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது 1991 மாசியில், வீம்புக்கு. அப்போது எனக்கு ஹவுன்ஸ்லோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கறியைச் சூடாக்கினால் கன்டீன் நாறுகிறது என்று வெள்ளைக்கார சூப்பர்வைசர் பிராங்க் எங்கள் தமிழ் ஆட்களை மைக்ரோவேவ் பக்கமே விடமாட்டான். குளிர்காலம் முழுக்க விறைத்த சோறுதான். ஒருநாள், "எங்கள் பிரோனை நீ தொடக்கூட மாட்டாய்" என்றான். பன்றித் தலையை அவித்து, இறைச்சியைப் பிய்த்து, அவித்த சாற்றோடு தகரத்தில் ஊற்றி உறையவிட்டால் அதுதான் பிரோன்.

"திங்கட்கிழமை உன் முன்னால் தின்கிறேன். தின்றால் மைக்ரோவேவ் எங்களுக்கும்" என்றேன். ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருந்ததால் அவனும் சரி என்றான்.

சனி காலை 8.10க்கு, நான் குடியிருந்த எட்மண்டன் கிரீனில் ரயில் ஏறி, இருபது நிமிடத்தில் பெத்னல் கிரீனில் இறங்கினேன். இறைச்சிக்கடைக்குப் பத்து நிமிட நடை. பிரோன் கேட்டதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இது என்னவென்று தெரியுமா?" என்றார்.

"தலை. நாங்கள் ஆட்டுத்தலை தின்கிற ஆட்கள்."

சிரித்துவிட்டு நிறுத்துக் கொடுத்தார். ஒரு இறாத்தல், அதாவது கிட்டத்தட்ட அரைக் கிலோ; விலை ஒன்றரைப் பவுண்ட்.

வீட்டில் வைத்துவிட்டுக் குளித்து வந்தால் கறி மணம். அறையைப் பகிர்ந்திருந்த சிவம் அண்ணை அடுப்படியில் முழித்துக்கொண்டு நின்றார்.

"ஆறின இறைச்சியை ஆர் தின்னுறது? தூள் போட்டுப் பிரட்டுவம் எண்டு வைச்சன். எல்லாம் தண்ணியாப் போச்சு."

"அண்ணை, அதைக் குளிரத்தான் தின்னுறது!"

எனக்கு அழுகையே வந்தது. நான் வாங்கியதுதான் அன்றைக்குக் கடையில் கடைசித் துண்டு, ஞாயிறு திறக்கமாட்டார்கள். அண்ணை சட்டியைப் பார்த்தார்.

"ஒருக்கா உறைஞ்சது திரும்ப உறையாதே? பிரிட்ஜிலை வைச்சுப் பார்."

ஞாயிறு காலை உறைந்திருந்தது. செக்கச்செவேல் என்று, வெங்காயமும் கறிவேப்பிலையும் உள்ளே தெரிய.

திங்கள் மதியம் அதை வெட்டிப் பாண் ரொட்டியில் வைத்து, பிராங்க் முன்னால் நின்றபடியே தின்றேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல ருசி. "இது பிரோனே இல்லை" என்றான். ஒரு துண்டை நீட்டி, "தின்று பார்த்துச் சொல்" என்றேன். கன்டீனே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தொடவில்லை. நான் போய் என் மீன்குழம்பை மைக்ரோவேவில் வைத்தேன்.

அந்தக் கடை இப்போது இல்லை. கிழக்கு லண்டனின் பழைய இறைச்சிக்கடைகளில் கேட்டுப் பாருங்கள், சனி காலையே போய்விடுங்கள். வாங்கினால் சூடாக்காதீர்கள். சூடாக்கிவிட்டாலும் பயமில்லை, இரவு முழுக்கக் குளிரில் வையுங்கள். வேலையிடத்தில் யாராவது மூக்கைப் பொத்தினால் சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் மூடாதீர்கள். அந்தத் தொழிற்சாலையில் இருந்த மிச்ச நாலு வருடமும் நாங்கள் சுடச்சுடத்தான் தின்றோம். மணந்ததுதான். மணக்கட்டும்.