மெர்சி தரம் சொன்ன தோல்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகத் தோலைத் தடவிப் பார்த்தே தரம் பிரிப்பவள் மெர்சி. அவள் விரல் கழிவு என்று ஒதுக்கினால் மேனேஜரும் மறுபேச்சு பேசமாட்டார்.

அப்படிப்பட்டவள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஆசை ஆசையாய் வளர்த்த இரண்டு வெள்ளைத் தவளைகளில் ஒன்று, ஐந்து நாளாக இரையைத் தொடவில்லை. அதன் தொடையெல்லாம் செக்கச்செவேலென்று கன்றிக் கிடந்தது.

"அது தேறாது மெர்சி. மனசைத் தேத்திக்கோ," என்றான் கணவன் ஜோசுவா. "தண்ணியைக்கூட குளோரின் போவட்டும்னு ஒருநாள் புடிச்சி வெச்சிதானே ஊத்துறே. இதுக்கு மேல இன்னா செய்வே?"

மெர்சிக்கு அழுகை பொங்கியது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது குப்பென்று தின்னர் வாடை அடித்தது. வேலை முடிந்ததும் விரலில் ஒட்டிய சாயத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே கையைத்தான் தினமும் தொட்டிக்குள் விட்டிருந்தாள்!

"ஐயோ, தவளை தோலாலதான்யா தண்ணி குடிக்கும். நானே விஷம் வெச்சிருக்கேனே!"

அன்றே நோயாளியைத் தனித் தொட்டிக்கு மாற்றினாள். அதன்பின் வெறுங்கையே படவிடவில்லை. எதற்கும் சிறு வலைதான். இரண்டு தொட்டித் தண்ணீரையும் நாள் தவறாமல் மாற்றினாள்.

ஒன்பதாம் நாள் காலையில், போட்ட மண்புழுவை அந்தத் தவளை முன்னங்கால் இரண்டாலும் அவசர அவசரமாக வாய்க்குள் திணித்துக்கொண்டது. தொடையில் சிவப்பே இல்லை.

"அட, பொழச்சிக்கிச்சே! டாக்டரம்மா, இன்னா மருந்து போட்டே?" என்றான் ஜோசுவா.

மெர்சி தலை நிமிர்ந்தாள். "மருந்தா? இத்தினி வருஷமா செத்த தோலுக்கு மார்க் போட்டவய்யா நான். உசுரோட இருக்கிற தோலுக்கு இன்னிக்குதான் போடறேன். ஃபர்ஸ்ட் கிரேடு!"