பூவாத்தாள் கேட்ட சத்தியம்

மகனுடைய சோளக்காட்டில் பூவாத்தாள் தனியாக நிற்க மாட்டாள். நின்றால் முதுகுப் பக்கம் "பெரியம்மா" என்று ஒரு குரல் கேட்கும். திரும்பினால் சோளத்தட்டுதான் நிற்கும். ராசிபுரத்துப் பக்கம் இதை அறியாதவர் இல்லை. கதை தெரிந்தவர் யாரும் அவளைப் பார்த்துச் சிரித்ததுமில்லை.

புருஷன் காளியண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகன் அர்த்தநாரிக்கு ஐந்து வயது. கருமாதி முடிந்த கையோடு கொழுந்தன் சென்னியப்பன் வந்து நின்றான்.

"எங்கண்ணன் உன்ற கழுத்துல தாலியே கட்டல. வெச்சிருந்தான், அவ்வளவுதான். உன்ற பையனுக்குப் பூமியில பங்கும் இல்ல, பாத்தியமும் இல்ல."

நாக்குக் கூசாத மனுஷன். அந்தக் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவனே அவன்தான்!

பூவாத்தாளும் லேசுப்பட்டவள் இல்லை. காதுத் தோட்டை விற்று, நாமக்கல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். கல்யாணத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் செத்திருந்தார்கள். மீதிப் பேருக்குச் சென்னியப்பனைப் பகைத்துக்கொள்ளத் தைரியமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் பூராவும் வழக்கு இழுத்தது.

அந்தக் காலத்துக் கோர்ட்டில் ஒரு வழி இருந்தது. எதிராளி கோயிலில் சத்தியம் செய்தால் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், சத்தியத்தோடு வழக்கு தீரும். யாரோ சொல்லிக் கேட்டுக்கொண்டு பூவாத்தாள் வக்கீலிடம் வந்தாள்.

"அவரு மாரியாத்தா முன்னால கற்பூரத்தை அணைச்சு, எங்கண்ணன் தாலி கட்டலைன்னு சொல்லட்டுங்க. நான் உட்டுடறேன்."

"வேண்டாம்மா. சொல்லிட்டான்னா உன் பையன் நடுத்தெருவுல நிக்கணும்."

"சொல்ல மாட்டாருங்க. அவரும் புள்ள பெத்தவருங்க."

சொன்னான். கோர்ட்டு ஆள் பார்க்க, ஊர் பார்க்க, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்னான். குரல்கூட நடுங்கவில்லை. தான் பணயம் வைத்தது தன் பங்கை அல்ல, பையனின் பங்கை என்பது அங்கேதான் பூவாத்தாளுக்கு உறைத்தது.

பிறகு கூலிக்குக் களை பறித்தாள். நினைப்பெல்லாம் மாரியாத்தா மேல்தான். சென்னியப்பன் இருமினால் காதைத் தீட்டிக்கொள்வாள். அவன் மாடு நோயில் படுத்தால் அன்றைக்கு அவளுக்குக் கூழ் ருசிக்கும்.

அடுத்த கோடையில் அம்மை வந்தது. சென்னியப்பனுக்கு வரவில்லை, அவன் மகள் கந்தம்மாளுக்கு வந்தது. அப்பன் அடித்தாலும் கேட்காமல் "பெரியம்மா" என்று பூவாத்தாளிடம் ஓடிவந்து, அர்த்தநாரியோடு ஒரே சட்டியில் கை வைக்கிற குழந்தை. இதைத்தானா பூவாத்தாள் கேட்டாள்?

சென்னியப்பன் பெண்டாட்டி, ஓரகத்தி சின்னாயி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"அக்கா, சத்தியம் வாங்குனவங்க நீங்க. கோயலுக்கு வந்து, உட்டுட்டேன் ஆத்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எம்புள்ள பொழச்சுக்கும்."

பூவாத்தாள் எழுந்தேவிட்டாள். அப்போதுதான் அர்த்தநாரி கண்ணில் பட்டான். ஒருதரம் சென்னியப்பனை நம்பி இவன் பங்கைத் தொலைத்தாகிவிட்டது. இன்னொரு தரமா?

"பாதி பூமிய எம்பையன் பேருக்கு ரிஜிஸ்தர் பண்ணித் தரச் சொல்லு. மறு நிமிசம் வாரேன்."

அம்மை கண்ட வீட்டான் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பார்கள். சென்னியப்பன் தாண்டினான். அன்றைக்கு ராசிபுரத்தில் ரிஜிஸ்தர் ஆபீஸ் விடுமுறை. மறுநாள் பூவாத்தாளோடு மறுபடி போய்ப் பத்திரம் எழுதி முடித்து, இருவரும் ஒரே வண்டியில் திரும்பினார்கள். பூவாத்தாள் கோயிலுக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டாள். அவள் கற்பூரத்தை ஏற்றும்முன் சென்னியப்பன் வீட்டுப் பக்கமிருந்து அழுகை கேட்டது.

அர்த்தநாரி அந்தப் பூமியில் பாடுபட்டு மனுஷனானான். சட்டப்படியும் நியாயப்படியும் அது அவனுடையதுதான். பூவாத்தாள் செய்தது தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

சின்னாயி அவளைச் சபிக்கவில்லை. வெகு காலம் கழித்து, தண்ணீர் சேந்தும் இடத்தில் ஒரே ஒரு தரம் கேட்டாள்.

"மொத நாளே வந்திருக்கலாமே, அக்கா?"

வந்திருந்தால் உன் புருஷன் எழுதிக் கொடுத்திருப்பானா என்று கேட்க பூவாத்தாளுக்கு வாய் வரைக்கும் வந்தது. சின்னாயி முகத்தைப் பார்த்தாள். கேட்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.