தொப்பி கொடுத்த தந்திகள்

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவளுக்கு வரக்கூடாதுதான். சளி டப்பாவையும் சிறுநீர் புட்டியையும் முகம் சுளிக்காமல் வாங்கி வைப்பேன். அதெல்லாம் நோயாளிகளுடையது, பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? நல்லா இருக்கிற மனுஷர்கள் வேண்டுமென்றே சேர்த்து வைக்கிற அழுக்கைத்தான் என்னால் தாங்க முடியாது. அப்படி ஒரு கருமத்தை என் தம்பி வீட்டுக்குள் கொண்டுவந்தான்.

தம்பியும் அதே கூடத்தில்தான் வேலை. நான் ஜன்னலில் உட்கார்ந்து பெயர் எழுதிக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுவேன், அவன் உள்ளே ரத்தம் எடுப்பான். அவனை எல்லோரும் எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடுகிற அத்தனை பேரும் 'எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்' என்று சொல்லிவிட்டுத் தேள் மாதிரி கொட்டுவார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியது இவன் ஒருவன்தான். எல்லாம் அவனுடைய இடது கை ஆள்காட்டி விரல் செய்கிற வேலை. முழங்கை மடிப்பில் அதை வைத்துக் கண்ணை மூடி லேசாக அழுத்தி அழுத்தி எடுப்பான். கண்ணுக்குத் தட்டுப்படாத நரம்பு அந்த விரலுக்குத் தட்டுப்படும்.

நாற்பது வயதுக்கு மேல் நாய்க் குணம் என்பார்கள். இவனுக்கு நாற்பத்தொன்றில் ஜாஸ் இசைப் பைத்தியம் பிடித்தது. எங்கள் தெரு அச்சகத்தின் மாடியில் சனிக்கிழமை மதியம் நாலு பேர் கூடி வாசிப்பார்கள். அதில் டபுள் பேஸ் வாசித்தவர் வேலை மாற்றலாகிப் போய்விட, இடம் காலியாக இருந்தது. எறும்பு எங்கேயோ ஒரு பழைய டபுள் பேஸைப் பிடித்து மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தான். வயலினுக்கு யானைக்கால் வந்த மாதிரி ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் அது. எனக்கும் கல்யாணம் ஆகவில்லை, அவனுக்கும் ஆகவில்லை. ஆளுக்கொரு அறை, நடுவில் ஒரு கூடம். கூடத்தில் அது நின்றால் நாங்கள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். போகட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

வாத்தியத்தில் தந்தி இல்லை. குழுத் தலைவர்தான் வீட்டுக்கு வந்து தந்தி கொடுத்தார். சாக்ஸபோன் ஊதுகிறவர். எங்கே போனாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார், அதனால் எனக்கு அவர் தொப்பி. அவர் ஒரு தகர டப்பாவிலிருந்து நாலு இரும்புத் தந்திகளை எடுத்து நீட்டினார். பழைய ஆள் விட்டுப் போனது. கனத்த தந்தி, சுற்றியிருந்த கம்பியின் இடுக்கெல்லாம் கறுப்புப் பிசுக்கு. கிட்டே போய்ப் பார்த்தேன். யாருடைய விரலிலிருந்தோ உரிந்த தோல் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. சீ! துடைத்துவிட்டு மாட்டுங்கள் என்றேன். தொப்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஜாஸுக்குக் கனத்த தந்திதான் வேண்டும், அதைப் பலகையிலிருந்து நன்றாக உயர்த்திக் கட்ட வேண்டும், ஜென்மத்துக்கும் துடைக்கக் கூடாது என்று பாடம் நடத்தினார்.

"துடைச்சா நாதம் செத்துடும்மா. விரல்ல ரத்தம் பாக்காதவன் ஜாஸ் வாசிச்சதா சரித்திரமே இல்ல."

தினம் அறுபது பேருடைய ரத்தம் பார்க்கிற என் தம்பி அதற்குத் தலையாட்டினான். அவன் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டுத் தொப்பி படியிறங்கிப் போனார்.

முதல் வாரம் கொப்புளம். இரண்டாம் வாரம் கொப்புளம் உடைந்தது, அதன்மேலேயே வாசித்தான். யாரோ ஒருத்தனின் பழைய தோலுக்கு மேல் இவன் புதுத் தோலும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கையோடு சாப்பிட வந்து உட்காருவான், நான் தட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்விடுவேன். ஆறாம் வாரம் ஆள்காட்டி விரல் நுனி குதிகால் மாதிரி காய்த்துப் போனது. நான் கத்தினேன். எல்லோரும் இப்படித்தான் ஆரம்பித்தார்களாம், எனக்கு ஒன்றும் தெரியாதாம்.

எங்களிடம் வரும் டீச்சருக்குத் தெரிந்தது. அவர் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நாலு மாதமாக நரம்பு வழியே கடுமையான மருந்து ஏற்றுகிறார்கள். அதில் கை நரம்பெல்லாம் உள்ளே ஓடி ஒளிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் எங்களிடம் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். அதில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் அடுத்த மருந்து ஏற்றுவார்கள். ஜன்னலில் வந்து நின்று "எறும்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எறும்பு மூன்று தடவை குத்தினான். மூன்றும் வீண். விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான், விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இன்னொரு பெண் வந்து மணிக்கட்டில் இரண்டு தடவை குத்தி எப்படியோ எடுத்தாள்.  டீச்சர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்து போனார்.

அடுத்த செவ்வாய் வரவில்லை. நான் போன் செய்தேன்.

"கையில இனி இடமில்லம்மா. அவன் விரல் சரியானா சொல்லு, வரேன்."

ரத்தம் எடுக்காவிட்டால் மருந்து இல்லை. அது அவருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். அந்தத் தந்திகள்தான் முதலில் கண்ணில் பட்டன. பையில் பஞ்சும் ஸ்பிரிட்டும் எப்போதும் இருக்கும். எங்கள் தொழிலில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஸ்பிரிட்டால் துடைப்போம், கை தானாகப் போகும். பஞ்சை நனைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்தேன். தார் மாதிரி வந்தது. உவ்வே! இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். நாலு தந்தியையும் தேய்த்து முடித்துக் குனிந்து பார்த்தால், ஸ்பிரிட் சொட்டிய இடத்திலெல்லாம் வாத்தியத்தின் வயிற்றில் வார்னிஷ் கரைந்து பாகு மாதிரி வழிகிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு வாத்தியம் பழுது பார்க்கிற அம்மாளிடம் போனோம்.

"யாரு இதைச் சாராயத்துல குளிப்பாட்டினது?" என்றார் அந்த அம்மாள்.

நான்தான் என்றேன். அவர் தந்தியைச் சுண்டிப் பார்த்தார், முகம் கோணியது. இது வில்லால் இழுத்து வாசிக்கிறவர்களுக்கான தந்தி, பழைய ஆள் வில் போட்டிருப்பார், விரலால் சுண்டிக் கற்றுக்கொள்கிறவனுக்கு இதைக் கொடுத்தவன் யார் என்று கேட்டார். தந்தியைத் தாங்குகிற குதிரையும் ஒரு விரல்கடை கூடுதல் உயரமாம். இத்தனை வாரமாக என் தம்பி கம்பி வேலியை அழுத்தியிருக்கிறான். தொப்பியின் தத்துவமெல்லாம் டப்பாவில் கிடந்ததைத் தள்ளிவிடத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூ!

எறும்பு தன் வேலையையும் விரலையும் பற்றிச் சொன்னான். அந்த அம்மாள் சுவரில் சாய்த்திருந்த மூன்று டபுள் பேஸ்களைக் காட்டினார். ஒன்றில் ஆட்டுக் குடலில் முறுக்கிய தந்தி. மெத்தென்று இருக்கும், ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் சுருதி மாறும், பிசகு தந்தியிலா விரலிலா என்று புதிதாகக் கற்கிறவனுக்குத் தெரியாது. எனக்கு அதன் வாடையே போதும், வேண்டாம் என்றேன். இரண்டாவதில் மெல்லிய இரும்பு. நாதம் நீளமாக ஓடும், விரலையும் அறுக்கும். மூன்றாவதில் உள்ளே நைலான், மேலே மெல்லிய சுற்று. பருமனாக இருந்தாலும் இழுவை குறைவு, சுண்டினால் 'தும்' என்று அடங்கும், தாளத்துக்கு நாலு அடியாக நடை போடுகிற மாதிரி வாசிக்கும் ஜாஸுக்கு அது பொருந்தும்.

எறும்பு கண்ணை மூடினான். காய்க்காத மோதிர விரலால் ஒவ்வொன்றையும் அழுத்தி அழுத்தி எடுத்தான். மூன்றாவதில் விரல் நின்றது.

"இது எழும்பி வருதுக்கா. நல்ல நரம்பு மாதிரி."

அதையே போடச் சொன்னோம். குதிரையையும் சீவித் தாழ்த்தினார்கள். பத்து நாள் வாத்தியத்தைத் தொடக்கூடாது, அதற்கப்புறமும் ஆள்காட்டி விரலில் துணிப் பட்டி சுற்றாமல் வாசிக்கக்கூடாது என்று நான் சட்டம் போட்டேன். தினமும் வெந்நீரில் விரலை ஊறவைத்தான். செத்த தோல் ஏடு ஏடாக உரிந்தது. கண்கொண்டு பார்க்க முடியவில்லை. பார்த்தேன். பழைய தந்திகளைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போய், எரிக்கப் போகிற கழிவு வாளியில் போட்டேன். தொப்பி அவற்றைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார். சாம்பல்தான் இருக்கிறது என்று சொல்லியனுப்பினேன்.

அதற்குள் டீச்சருக்கு இரண்டு வார மருந்து தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது செவ்வாய், நான் வீடுவரை போய்க் கெஞ்சியபிறகு வந்தார். ஜன்னலில் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்க் கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எறும்பு விரலை வைத்தான். அழுத்தினான். எடுத்தான். ரொம்ப நேரம் கழித்து, தெரியவில்லை டீச்சர், தெரியாமல் குத்த மாட்டேன் என்றான். அவர் திரும்பாமலே, அவசரமில்லை என்றார். நான் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். கால் மணி நேரம் போனது. வெளியே வரிசையில் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, புதுத் தோல் சிவந்திருந்த அந்த விரலை வைத்தான். முழங்கை மடிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் நகர்த்தினான். ஓர் இடத்தில் விரல் நின்றது.

டீச்சர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்திருந்தது கன்னத்தில் தெரிந்தது.

"எப்பப்பா குத்தப் போற?" என்றார்.

நான் அப்போது அவர் ரத்தம் நிரம்பிய குழாயில் அவர் பெயர்ச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். சீட்டு கோணலாகப் போய்விட்டது.