வாயடைத்த தெர்மாமீட்டர்

மீன் குளிர்கிடங்கின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஆபீசில் வைத்த பெயர் சிடுசிடு. அவள் தும்மினால் பக்கத்து அறை மின்விசிறி பயந்து நின்றுவிடும். அவ்வளவு தங்கமான சுபாவம்.

அவளுடைய ஜென்ம விரோதி எதிர் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தான். வேறு யாருமில்லை, சொந்தக் கொழுந்தன். கிடங்கின் குளிரை அளந்து சொல்ல, யாரோ எங்கோ எழுதிவைத்த ஆயத்த புரோகிராம் ஒன்றை, லைப்ரரி என்பார்கள், எடுத்துச் சேர்த்தவன் அவன்தான். நடப்பதையெல்லாம் அது லாக் என்கிற பதிவேட்டில் எழுதும். வரிக்கு வரி தகவல், எச்சரிக்கை, எரர் என்று முத்திரை குத்தும். எரர் என்றால் சிடுசிடுவின் போன் அலறும். லைன் ஒரு நொடி விட்டுப்போனால் எரர். கதவைத் திறந்தால் எரர். அந்த அலறலில் செத்த மீனெல்லாம் எழுந்து ஓடாததுதான் பாக்கி.

"தம்பி, அதுக்கு வாயா, ஒலிபெருக்கியா? சும்மா கத்துறதையெல்லாம் எச்சரிக்கையா இறக்கி வையேன்."

"எழுதினவன் முட்டாளா அண்ணி? அவன் எரர்னா எரர்தான். முடியலன்னா வேற வேலை பாருங்க."

"நான் போனா நீ கும்மாளம் போடுவே. போகமாட்டேன்டா!"

இனி ஒரு பெட்டி மீன் கெட்டாலும் இருவரையும் அனுப்பிவிடுவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும். ஆனால் கோபத்துக்குக் கண் ஏது? செட்டிங்கைத் திறந்தாள். எந்த வரியை இறக்கலாம் என்று பார்க்கவில்லை. லைப்ரரியின் பெயரைப் போட்டு அதன் வாயை மொத்தமாக அடைத்தாள். கொழுந்தனின் வாயையே தைத்த மாதிரி குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் மதியம் கிடங்கைக் குளிரவைக்கும் கம்ப்ரசர் நின்றது. லைப்ரரி கத்தியது, ஒரு போனுக்கும் போகவில்லை. பனி உருகி வாசலில் ஆறாக ஓடி, காவலாளி செருப்பு நனைந்து அலறியபிறகுதான் தெரிந்தது.

"யாரு கை வச்சது?" என்றார் முதலாளியம்மா.

கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல். "அண்ணிதான்மா. நேத்தே பார்த்தேன்."

"நேத்தே பார்த்தியா? பார்த்துட்டு வேடிக்கையா பார்த்துட்டிருந்தே?"

பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது.

"மீன் ஒரு பெட்டிகூட கெடல, பொழைச்சீங்க. சாயங்காலத்துக்குள்ள இது ஒழுங்கா இருக்கணும். இல்லன்னா ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து அடிச்சுக்குங்க."

சிடுசிடு உட்கார்ந்தாள். இந்தமுறை ஒவ்வொரு வரியாக. லைன் விட்டுப்போவது எச்சரிக்கைக்கு இறங்கியது. கதவு, வெறும் தகவல். கம்ப்ரசர் நிற்பது மட்டும் எரராகவே இருந்தது. கடைசியில் அந்த எரர் அலறவேண்டிய போன் எண்ணைத் தட்டிச் சோதித்தாள்.

எதிர் மேஜையில் கொழுந்தன் நாற்காலியோடு துள்ளினான். "என் போன் ஏன் அலறுது?"

"எழுதினவன் முட்டாளா தம்பி? எரர்னா எரர்தான்."