முப்பத்தேழாம் பக்கத்துப் பொய்

பாப்பிரெட்டிப்பட்டியில் பாஞ்சாலியின் புளி குடோனுக்கு வழி கேட்டால், பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே நாலு பேர் கை காட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் பூவும் பிஞ்சுமாக நிற்கிற புளியமரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, இத்தனை மூட்டை இறங்கும் என்று சொன்னால் சொன்னதுதான். சித்தேரி அடிவாரத்திலிருந்து அரூர் வரைக்கும் மரம் குத்தகைக்கு எடுக்கிற ஆம்பளைகள் அத்தனை பேரும், அவள் எந்த மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறாள் என்று ஒரு கண் வைத்துக்கொண்டுதான் தங்கள் விலையைச் சொல்வார்கள். இதைப் படித்தவன் எவனும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக் கற்றது.

அப்பேர்ப்பட்டவளுக்கு மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை தபாலில் ஒரு புத்தகம் வந்தது.

அரூரில் வாசகர் வட்டம் நடத்துகிறவர் மாதவராஜ் வாத்தியார், ரிட்டயரான தலைமையாசிரியர். மாவட்டத்தில் சொந்தக் காலில் நின்று ஜெயித்த இருபத்து நாலு பெண்களைப் பற்றி அவர் எழுதியது அது. முந்நூறு புத்தகம் அச்சடித்து, பொம்பளைப் பிள்ளைகள் படித்துத் தைரியம் பெறட்டும் என்று பள்ளிக்கூட லைப்ரரிகளுக்குக் கொடுக்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை அரூர் மண்டபத்தில் விழா. பாஞ்சாலிக்கு முப்பத்தேழாம் பக்கம்.

குடோனில் புளியைத் தட்டிக் கொட்டை எடுக்கிற பெண்கள் முப்பது பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருப்பவள் பானுமதி. அவள் மகள் நிர்மலா ஒன்பதாவது படிக்கிறாள், தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து இந்தக் குடோனிலேயே வளர்ந்தவள். அவள்தான் எல்லோரும் கேட்க அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். முடித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்.

"பெரியம்மா, உங்களுக்கு வியாபாரம் கத்துக்குடுத்தது குப்புராஜ் தாத்தாவா?"

தட்டுகிற சத்தம் முழுக்க நின்றுவிட்டது.

"யாருடி சொன்னது?"

"புத்தகத்துல போட்டிருக்குதே."

பாஞ்சாலி புத்தகத்தைப் பிடுங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித் தானே படித்தாள். 'கணவர் திரு. மதியழகன் அவர்கள் தொடங்கிவைத்த புளி வாணிபத்தை, அவரது மறைவுக்குப் பின், கணவரின் தமையனார் திரு. குப்புராஜ் அவர்களின் அரவணைப்பிலும் வழிகாட்டுதலிலும் சீருடன் நடத்திவரும் குலவிளக்கு.' அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. மதியழகன் லாரி ஓட்டியவர். நல்ல மனுஷன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கும் புளிக்கும் இருந்த சம்பந்தம் ரசத்தோடு சரி. அவர் லாரி கவிழ்ந்து செத்தபோது இவளுக்கு வயது இருபத்தைந்து.

குப்புராஜ் வழிகாட்டிய கதையை ஊரே பார்த்தது. கம்மலை விற்று முதன்முதலாக ஒரே ஒரு மரத்தைக் குத்தகைக்கு எடுத்தாள். தாலியறுத்தவள் எடுத்த மரத்தில் ஏறினால் ராசியில்லை என்று உலுக்குகிற ஆட்கள் ஒருத்தன்கூட வரவில்லை. செத்துப்போன புருஷனின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, அவளே ஏறினாள். குப்புராஜ் அஞ்சாறு பேரோடு வந்து அடியில் நின்று, இறங்குடி, வம்சத்து மானமே போச்சு என்று கத்தினார். அவள் கிளையை உலுக்கினாள். அத்தனை புளியும் அவர் தலையில். மேலே வந்து என்னை இறக்குங்கள் மாமா என்றாள். அவருக்கு மரம் ஏறத் தெரியாது. சாயங்காலம் அவள் சட்டிபானையைத் தெருவில் எறிந்தார். அவள் அந்த மரத்தடியிலேயே அடுப்பு மூட்டிப் பதினொரு நாள் இருந்து, கடைசிப் பழம் இறங்கிய பிறகுதான் நகர்ந்தாள்.

இவ்வளவையும் ஐப்பசியில் வாத்தியார் குடோனுக்கு வந்து அரைநாள் உட்கார்ந்து கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு போனவர்தான். அதனால் மறுநாள் வெள்ளிக்கிழமை அரூருக்குப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். நடந்தது அப்போதுதான் தெரிந்தது. எல்லாப் பெண்களுக்கும் பூர்த்தி செய்ய ஒரு ஃபாரம் வைத்திருந்திருக்கிறார். கடைசி வரியில் 'குடும்பத் தலைவர் கையொப்பம்'. அதைக் கொண்டுவந்த அன்றைக்குப் பாஞ்சாலி மரம் பார்க்க ஏரியூர் பக்கம் போயிருந்தாள். வாத்தியார் நேராகக் குப்புராஜ் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் காபி கொடுத்து, பழைய சண்டையெல்லாம் எதற்கு என்று தன் கதையைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"குடும்பத்துல பெரியவர் ஒருத்தரைக் கேக்கறது ஒரு மரியாதைதானேம்மா," என்றார் வாத்தியார்.

"என் வூட்டுக்கு நான்தாங்க பெரியவ. மரம் ஏறுனது நானு, கையெழுத்து அவருதா?"

உங்களை உயர்வாகத்தானே எழுதியிருக்கிறேன், சட்டிபானை சண்டையெல்லாம் பிள்ளைகள் படிக்கிற புத்தகத்துக்கு அழகா, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தன்மையாகப் பேசினார். அந்தத் தன்மைதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. இந்த முந்நூறும் பள்ளிக்கூடத்துக்குப் போனால் நிர்மலா மாதிரி எத்தனை பிள்ளைகள் அதை நம்பும்? கண்ணெதிரே வளர்ந்தவளே நம்பிவிட்டாளே. மரத்தில் ஏறாத ஒருத்தனைப் பார்த்து எந்தப் பிள்ளை ஏறக் கற்றுக்கொள்ளும்?

மாடிப்படிக்குக் கீழே புத்தகங்களை ஆறு பெட்டிகளில் கட்டி வைத்திருந்தார். மண்டபத்துக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டாள். ஆட்டோதான் பார்க்க வேண்டும் என்றார். என் வண்டி காலியாகத்தான் நிற்கிறது, நானே ஏற்றிப்போய் ஞாயிறு காலையில் மண்டபத்தில் இறக்கிவிடுகிறேன் என்றாள். கோபம் தணிந்துவிட்டது என்று வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். அவரே ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார்.

வண்டி பாப்பிரெட்டிப்பட்டிக்குத் திரும்பியது.

வழியில் தர்மபுரி வஹிதாவுக்குப் போன் போட்டாள். பதினாலு மெஷின் போட்டுத் தையல் பள்ளி நடத்துகிறவள், அவளுக்குப் பத்தொன்பதாம் பக்கம். கணவர் தாரிக்கிடம் தையல் பழகினாள் என்று போட்டிருந்தது. வஹிதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, சட்டையில பட்டன் அறுந்தா ரெண்டு நாளு பின் குத்திக்கிட்டுத் திரியற மனுஷன் அவரு."

"அப்பறம் எதுக்குடி சும்மா இருக்கற?"

"விடுங்கக்கா. புத்தகத்துல தன் பேரைப் பாத்துட்டு ரெண்டு நாளா அவரே டீ போட்டுத் தர்றாரு. எதுக்குக் கெடுத்துக்கணும்?"

பாஞ்சாலி போனை வைத்தாள். குப்புராஜ் மீது வந்த கோபத்தைவிட இது கொஞ்சம் கூடுதலாகவே சுட்டது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஹயாத் பாஷாவின் அச்சகத்துக்கு நேராகப் போனாள். புத்தகத்தைக் காட்டி, இதே அளவில், இதே எழுத்தில், முப்பத்தேழு என்று நம்பர் போட்டு முந்நூறு தாள் வேண்டும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல அவர் கம்ப்யூட்டரில் அடித்தார். மரத்தடி வந்ததும் கை நின்றது.

"அக்கா, குப்புராஜ் அண்ணன் பேரைப் போட்டே ஆகணுமா?"

"பேரு போடாம, அடியில நின்னது எருமைன்னா போடுவ? அடி பாய்."

சனிக்கிழமை குடோனில் புளி தட்டவில்லை. பானுமதி புளியங்கொட்டை மாவைக் காய்ச்சிப் பெரிய குண்டானில் பசை இறக்கினாள். கடைப் பசை நாலு மழைக்காலத்தில் விட்டுப்போகும், இது தாள் கிழிந்தாலும் விடாது. முப்பது பெண்களும் வரிசையாக உட்கார்ந்து, பழைய பக்கத்தின் மேல் புதுப் பக்கத்தை ஓரம் பிசகாமல் ஒட்டினார்கள். மற்றப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்த நிர்மலா, இருபத்து நாலில் இருபத்தொரு பக்கத்தில் முதல் வரியிலேயே ஒரு ஆம்பளை இருக்கிறார் என்று சொன்னாள். பாஞ்சாலிக்கு அத்தனையையும் கிழித்துப் போடத் தோன்றியது. ஆனால் வஹிதாவுக்கு அவள் புருஷன் போட்டுத் தருகிற டீ ஞாபகம் வந்தது. அவரவர் பக்கம் அவரவர் பாடு, தன் பக்கத்தில் மட்டும் எவனையும் உட்கார விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை சொன்னபடி பெட்டிகள் மண்டபத்தில் இறங்கின. முன்வரிசை மூன்றிலும் புளி தட்டுகிற பெண்கள். மேடையில் இருபத்து நாலு பெண்களும், அவரவர் குடும்பத் தலைவர்களும். குப்புராஜ் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில், தோளில் துண்டோடு, உலகத்தில் புளியையே தான்தான் கண்டுபிடித்தது போல உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொருத்தியின் பக்கத்தையும் வாத்தியார் மைக்கில் படித்து, பிறகு பெண்ணுக்கும் குடும்பத் தலைவருக்கும் சால்வை போடுவது ஏற்பாடு. பாஞ்சாலியின் முறை வந்தது. பெட்டியிலிருந்து எடுத்திருந்த புத்தகத்தில் முப்பத்தேழாம் பக்கத்தை விரித்தார். தாள் மொடமொடவென்று இருந்ததை அவர் கவனிக்கவில்லை. பழக்க வேகத்தில் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

'என் பேர் பாஞ்சாலி. எனக்கு யாரும் தொழில் கற்றுக்கொடுக்கவில்லை.'

வாத்தியார் நிறுத்தினார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பாஞ்சாலியைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"படிங்க சார்," என்றாள் கீழேயிருந்து பானுமதி. பின்னாலிருந்து இன்னும் நாலு குரல் அதையே சொன்னது.

வாத்தியார் மறுபடி புத்தகத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்தியவர், எதிரே இருக்கிற எழுத்தைப் படிக்காமல் விட அவரால் முடியவில்லை. கம்மல் விற்றதைப் படித்தார். காக்கிச் சட்டையைப் படித்தார். மரத்தடியில் யார் நின்றார் என்று பேரோடு படித்தார். புளி தலையில் கொட்டிய இடத்தில் முன்வரிசையில் கிளம்பிய சிரிப்பு கடைசி வரிசை வரைக்கும் ஓடியது.

குப்புராஜ் முகம் கறுத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பாஞ்சாலி நாற்காலியை விட்டு அசையவில்லை. மைக் இல்லாமலே அவள் குரல் மண்டபத்துக் கதவு வரைக்கும் கேட்டது.

"உக்காருங்க மாமா. இன்னும் அரைப் பக்கம் இருக்குது."